டென் ஹாக்கை நீக்கியது தப்புதான்! முதலில் அந்தப் பெனால்ட்டிக்குப் பதில் சொல்லுங்கள்

தாம்வே சிவப்பு | 1 ஜூன் 2025, காலை 8.10

நேற்று ரங்கூன் அனவ்ரத்தா சாலையில் ஒரு டீக்கடை. பக்கத்து மேசையில் ஒருவர் லபேயே டீயை உறிஞ்சிக்கொண்டே, "மேனேஜர் டென் ஹாக்கை வீட்டுக்கு அனுப்பியதுதான் மான்செஸ்டர் யுனைட்டெட் பத்து வருஷத்தில் செய்த ஒரே நல்ல காரியம்" என்றார். சுற்றி இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு மொகிங்கா, அதான் மீன் குழம்பு நூடுல்ஸ், தொண்டையை விட்டு இறங்கவில்லை. அங்கேயே வாயைத் திறந்திருந்தால் நான் வருவதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

டென் ஹாக் போகும்போது 9 லீக் ஆட்டத்தில் 11 புள்ளி, 14வது இடம். கேவலம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் அமோரிம் வந்தார். 27 ஆட்டத்தில் 27 புள்ளி. கடைசியில் 15வது இடம். 14ல் இருந்து 15க்கு வர ஒரு மேனேஜரை மாற்ற வேண்டுமா? டென் ஹாக்குக்கும் அவர் ஆட்களுக்கும் நஷ்டஈடு 1 கோடி பவுண்டுக்கு மேல். அமோரிமை போர்ச்சுகல் கிளப் ஸ்போர்ட்டிங்கில் இருந்து பிரித்து எடுக்க கிட்டத்தட்ட இன்னொரு கோடி.

எல்லாம் எதனால்? 27 அக்டோபர் 2024, வெஸ்ட் ஹாம் மைதானம். 1-1. ஆட்டம் முடியப் போகிறது. நம் டி லிக்ட்டும் அவர்கள் இங்ஸும் பந்துக்குப் போகிறார்கள், இங்ஸ் விழுகிறார். ரெஃப்ரி விசிலே ஊதவில்லை. வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். அறையில் இருந்த மைக்கேல் ஆலிவர் அவரைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்க வைத்தார். பெனால்ட்டி. வெஸ்ட் ஹாமின் போவன் அடித்தார், 2-1. மறுநாள் டென் ஹாக்குக்கு வேலை இல்லை. அந்தப் பெனால்ட்டி மட்டும் கொடுக்காமல் இருந்தால் இன்றைக்கும் அவர்தான்.

மோல்மீன் மாமா | காலை 8.42

தம்பி, காலையிலேயே ஆரம்பித்துவிட்டாயா. அந்த ஆட்டத்தில் நம் டலோட் கோல்கீப்பரையும் தாண்டிப் போய், வெறும் கோலைப் பார்த்துப் பந்தை வானத்துக்கு அனுப்பினாரே, அதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே? அது முதல் பாதி. அது உள்ளே போயிருந்தால் உன் பெனால்ட்டிக்கு என்ன வேலை?

தாம்வே சிவப்பு | காலை 8.47

டலோட் தப்பாக அடித்ததற்கு டென் ஹாக் என்ன செய்வார், ஓடிப் போய்க் காலைத் திருப்பிவிடுவாரா? வாய்ப்பு உருவானதா இல்லையா? உருவாக்கியது அவர் போட்ட திட்டம். சரி, பெனால்ட்டிக்குப் பதில் எங்கே?

பெகு ஆன்ஃபீல்ட் | காலை 9.05

7-0.

தாம்வே சிவப்பு | காலை 9.06

லிவர்பூல்காரனுக்கு இந்த வீட்டில் என்ன ஜோலி மச்சான்?

பெகு ஆன்ஃபீல்ட் | காலை 9.11

சாம்பியன் வீட்டில் இருந்து பார்க்க வந்தேன், பக்கத்து வீட்டில் இழவுச் சத்தம் கேட்டது. நாங்கள் உங்களை 7-0 என்று அடித்தது 5 மார்ச் 2023. அப்போது மேனேஜர் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் பெனால்ட்டிதான் காரணமா?

தாம்வே சிவப்பு | காலை 9.20

அந்த 7-0க்கு ஒரு வாரம் முன்னால்தான் நியூகாசிலை 2-0 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கினோம். அந்த வருஷம் 75 புள்ளியோடு மூன்றாவது இடம். அடுத்த வருஷம் எஃப்.ஏ. கோப்பை, எதிரில் இருந்தது யார், மான்செஸ்டர் சிட்டி. கர்னாச்சோ ஒன்று, மைனூ ஒன்று, 2-1. இரண்டு வருஷத்தில் இரண்டு கோப்பை. அமோரிம் கையில் என்ன இருக்கிறது? பில்பாவோவில் யூரோப்பா லீக் ஃபைனலில் டாட்டன்ஹாமிடம் 0-1 தோற்ற மெடல். அதுவும் லீக்கில் 17வது வந்த டாட்டன்ஹாம்! ராத்திரி ஒன்றரை மணிக்கு, கரண்ட் இல்லாமல், பேட்டரியில் போனைச் சொருகிப் பார்த்தேன். அந்தப் பேட்டரியை ஃபேனுக்குப் போட்டிருந்தால் பிள்ளைகளாவது தூங்கியிருக்கும்.

கணக்குப்பிள்ளை | காலை 10.02

ஒரு சின்னக் கேள்வி. தப்பு என்று எதைச் சொல்கிறோம்? நீக்கியதே தப்பா? நீக்கிய நேரம் தப்பா? இல்லை, அவருக்குப் பதிலாக எடுத்த ஆள் தப்பா? மூன்றும் வேறு வேறு. ஜூலை 2024ல் அவருக்கே ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். நாலு மாதத்தில் நீக்கினார்கள். எனக்கென்னவோ நீட்டியதுதான் தப்பு, நீக்கியது இல்லை. இதைப் பிரித்துக்கொண்டு பேசினால்...

மோல்மீன் மாமா | காலை 10.09

டலோட்.

தாம்வே சிவப்பு | காலை 10.10

பெனால்ட்டி.

கணக்குப்பிள்ளை | காலை 10.11

சரி, நான் குளித்துவிட்டு வருகிறேன்.

மோல்மீன் மாமா | காலை 10.30

கோப்பை கோப்பை என்கிறாயே, அந்த எஃப்.ஏ. கோப்பை வருஷம் லீக்கில் எத்தனாவது? 8. போட்டது 57 கோல், வாங்கியது 58. சாம்பியன்ஸ் லீகில் குரூப்பிலேயே கடைசி. ஆண்டனி என்று ஒருவரை 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து அயாக்ஸில் இருந்து கூட்டி வந்தது யார்? அந்தப் பணத்துக்கு மோல்மீனில் ஒரு தெருவையே வாங்கலாம். அந்தப் பையன் பந்தை வைத்துக்கொண்டு பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தான்.

கடைசி சீசனில் ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூலிடம் 0-3. அதே மாதம் டாட்டன்ஹாமிடமும் 0-3. நீக்காமல் ஆரத்தியா எடுப்பார்கள்?

பெகு ஆன்ஃபீல்ட் | காலை 10.33

0-3 ஐயும் சேர்த்துச் சொன்னதற்கு நன்றி மாமா.

தாம்வே சிவப்பு | காலை 10.51

ஆண்டனியைப் பற்றிப் பேசுகிறீர்களே, ஸ்பெயினில் பெட்டிஸுக்குப் போனதும் எப்படி ஆடினார்? ஐரோப்பிய ஃபைனல் வரை போனார்கள். ஆள் சரிதான், நம் கிளப்புதான் சரியில்லை.

எல்லாவற்றையும் விடுங்கள். நடுவர்களுக்குத் தலைவர் ஹோவர்ட் வெப், அவரே பிறகு சொன்னார், அந்த இடத்தில் வி.ஏ.ஆர். தலையிட்டிருக்கக் கூடாது என்று. அவரே சொன்ன பிறகு நீங்கள் யார் சயா? தப்பான பெனால்ட்டியால் தோற்ற ஆட்டம், அதற்கு மறுநாள் நீக்கம். இதில் புரியாதது எது?

மோல்மீன் மாமா | காலை 11.02

கால் பட்டதா இல்லையா?

தாம்வே சிவப்பு | காலை 11.03

யார் கால் யார் மேல் பட்டது?

மோல்மீன் மாமா | காலை 11.04

பட்டதா, இல்லையா?

தாம்வே சிவப்பு | காலை 11.04

யார் கால்?

ரெண்டாவது டீ | காலை 11.20

நான் அந்த ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவன். ஏழரை மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணுக்கு அது பெனால்ட்டி மாதிரித்தான் தெரிந்தது.

தாம்வே சிவப்பு | காலை 11.24

பிடித்துவிட்டேன். அன்றைக்கு ஏழரை மணிக்கு ஆட்டமே இல்லை! அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலைதான் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ரங்கூனில் ஆட்டம் ஆரம்பித்தது எட்டரைக்கு. நீங்கள் ஏழரைக்குப் பார்த்தது எந்த ஆட்டம்? பார்க்காமலே சாட்சி சொல்ல வருகிறீர்கள்.

ரெண்டாவது டீ | காலை 11.31

உட்கார்ந்தது ஏழரைக்கு என்றுதானே எழுதினேன். ஒரு மணி நேரம் விளம்பரம் பார்த்தேன். என் டிவி, என் நாற்காலி. உங்களுக்கு என்ன?

பெகு ஆன்ஃபீல்ட் | காலை 11.33

யுனைட்டெட் ஆட்டத்துக்கு ஏழரைக்கு உட்கார்ந்தால் என்ன, எட்டரைக்கு உட்கார்ந்தால் என்ன, பிடித்தது ஏழரைச் சனிதான்.

தாம்வே சிவப்பு | காலை 11.40

சிரித்து முடித்தாயா மச்சான்? இருபது வருஷமாகக் கருவாட்டைக் கூடக் கண்ணில் பார்க்காதவன், இப்போது விருந்து சாப்பிட்டது போல ஏப்பம் விடுகிறான்.

பெகு ஆன்ஃபீல்ட் | காலை 11.42

2020ல் வென்றதை மறந்துவிட்டாயா? கணக்கில் நீயும் அமோரிமும் ஒன்றுதான். அது போகட்டும், புதன்கிழமை எங்கே போனாய்? கோலாலம்பூரில் ஆசியான் நாடுகளின் கூட்டு அணியிடம் யுனைட்டெட் 0-1. கோல் போட்டது யார் என்று சொல்லட்டுமா?

மோல்மீன் மாமா | காலை 11.50

சொல்லு சொல்லு! மவுங் மவுங் லுவின்! நம் நாட்டுப் பையன்! புக்கிட் ஜாலீலில் எழுபதாயிரம் பேருக்கு மேல், அத்தனை பேர் முன்னால் போட்டான். எங்கள் தெருவில் யுனைட்டெட் சட்டை போட்டவன் எல்லாம் எழுந்து நின்று கத்தினான். நானும்தான் கத்தினேன். நாற்பது வருஷ யுனைட்டெட்காரன் யுனைட்டெட்டுக்கு எதிராகக் கத்திய ஒரே நாள்.

தாம்வே சிவப்பு | மதியம் 12.05

அது விளையாட்டா? சீசன் முடிந்து மூன்று நாளில் விமானத்தில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். பையன்கள் தூக்கத்தில் ஆடினார்கள். மவுங் மவுங் லுவின் போட்டது நல்ல கோல்தான், பெருமைதான், நானும் கைதட்டினேன். ஆனால் பாருங்கள், அதுவும் அமோரிம் காலத்தில்தான் நடந்தது. டென் ஹாக் இருந்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா?

மோல்மீன் மாமா | மதியம் 12.10

வந்திருக்காது. 0-4 ஆகியிருக்கும். பிரென்ட்ஃபோர்டிடம் ஆனது போல.

தாம்வே சிவப்பு | மதியம் 12.18

மாமா, உங்களிடம் மரியாதையோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் மே 25, ஃபைனலுக்கு முன்னால், "சிட்டி மூன்று கோல் போடும், தோற்றால் ஐந்து பேருக்கு மொகிங்கா, முட்டையோடு, பேஜோ பருப்பு வடையோடு" என்று பந்தயம் கட்டியது யார்? ரங்கூனுக்கு அதற்குப் பிறகு நாலு தடவை வந்துவிட்டீர்கள். ஒரு கிண்ணம் கண்ணில் காட்டவில்லை. டென் ஹாக் வென்று கொடுத்த மொகிங்கா அது. அந்தக் கடனுக்காகத்தான் அவர் மேல் உங்களுக்கு இவ்வளவு ஆத்திரம்.

மோல்மீன் மாமா | மதியம் 12.40

பந்தயம் கட்டியபோது பேஜோ என்ற பேச்சே இல்லை. நீயாகச் சேர்த்துக்கொண்டாய். முட்டைக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

ரெண்டாவது டீ | மதியம் 12.44

நான் அங்கே இருந்தேன். பேஜோ உண்டு.

மோல்மீன் மாமா | மதியம் 12.45

நீ எத்தனை மணிக்கு வந்து உட்கார்ந்தாய், ஏழரைக்கா?

கணக்குப்பிள்ளை | மதியம் 1.30

குளித்துச் சாப்பிட்டும் வந்துவிட்டேன், இன்னும் பேஜோவிலேயே நிற்கிறீர்களா. டென் ஹாக்குக்கும் அமோரிமுக்கும் இடையில் வான் நிஸ்டல்ராய் தற்காலிக மேனேஜராக நாலு ஆட்டம் பார்த்துக்கொண்டாரே, மூன்று வெற்றி, ஒரு டிரா. அவரையே சீசன் முடியும் வரை விட்டிருந்தால்? யாராவது பதில் சொல்லுங்கள்.

தாம்வே சிவப்பு | மதியம் 1.41

அந்த மூன்றில் இரண்டு வெற்றி லெஸ்டருக்கு எதிராக. அப்புறம் அவர் லெஸ்டருக்கே மேனேஜராகப் போனார், லெஸ்டர் கீழ் டிவிஷனுக்குப் போனது. போதுமா? டென் ஹாக் எங்கே போனார் என்று பார்த்தீர்களா? லெவர்குசன்! போன வாரம்தான் அறிவித்தார்கள். போன வருஷம் ஒரு ஆட்டம் கூடத் தோற்காமல் ஜெர்மனியில் சாம்பியன் ஆன கிளப், மேனேஜர் அலோன்சோ உட்கார்ந்த நாற்காலி. ஆள் மோசம் என்றால் அவர்கள் எடுப்பார்களா? அவர்களுக்கு அந்தப் பெனால்ட்டி தெரியும். இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், கிறிஸ்துமஸுக்குள் நீங்கள் எல்லாரும் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பீர்கள்.

பெகு ஆன்ஃபீல்ட் | மதியம் 1.44

சேமித்துவிட்டேன்.

மோல்மீன் மாமா | மதியம் 2.15

தூங்கப் போகிறேன். டலோட் அடித்த பந்து கீழே இறங்கியதும் எழுப்பு.

பெகு ஆன்ஃபீல்ட் | 2 செப்டம்பர் 2025, காலை 7.02

காலை வணக்கம் தாம்வே. சேமித்து வைத்ததை எடுத்திருக்கிறேன். நேற்று லெவர்குசன் டென் ஹாக்கை நீக்கிவிட்டது. லீக்கில் ஆடியது இரண்டே ஆட்டம். ஒரு தோல்வி, ஒரு டிரா. கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் காத்திருக்க வேண்டி வரவில்லை.

மோல்மீன் மாமா | காலை 7.15

அங்கேயும் வி.ஏ.ஆர். அறையில் மைக்கேல் ஆலிவர் இருந்தாரா தம்பி?

தாம்வே சிவப்பு | காலை 7.58

இரண்டு ஆட்டத்தில் நீக்குகிற கிளப் ஒரு கிளப்பா? அவர்கள் பாதி அணியையே விற்றுவிட்டார்கள். அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள், நான் என்ன ஜெர்மனிக்காரனா?

நம் வீட்டைப் பார்ப்போம். ஆகஸ்ட் 27, கிரிம்ஸ்பி. நாலாவது டிவிஷன். 2-2, அப்புறம் பெனால்ட்டி ஷூட்டவுட்டில் 12-11 என்று தோற்றோம். நாலாவது டிவிஷனிடம்! அமோரிம் ஷூட்டவுட்டைப் பார்க்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தார். இதுதான் நீங்கள் நீக்கிக் கொண்டுவந்த முன்னேற்றமா?

கணக்குப்பிள்ளை | காலை 8.20

அப்படியானால் இரண்டு பேருமே...

மோல்மீன் மாமா | காலை 8.21

பார், அங்கேயும் பெனால்ட்டிதான். உன் ஜாதகத்திலேயே பெனால்ட்டி எழுதியிருக்கிறது.

தாம்வே சிவப்பு | காலை 8.25

அது ஷூட்டவுட் மாமா, அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நான் சொல்வது வெஸ்ட் ஹாம் பெனால்ட்டி. மொகிங்காவை ஏமாற்றியவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுதான். சரி, முதலில் இருந்து வருகிறேன். 1-1. ஆட்டம் முடியப் போகிறது. டி லிக்ட்டும் இங்ஸும் பந்துக்குப் போகிறார்கள். ரெஃப்ரி விசில் ஊதினாரா?

மோல்மீன் மாமா | காலை 8.26

பேஜோ இல்லாமல் என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.