கேள்வியை நான் வாசித்தால் பதில் சொல்கிறான், பரீட்சையில் 28தான்

தலவாக்கலை அம்மா:
மகன் தரம் 4. இந்தத் தவணை சுற்றாடல் பாடத்துக்கு 28 புள்ளி. அன்றைக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே அதே வினாத்தாளை நான் சத்தமாக வாசித்தேன், பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டான். "பறவை அல்லாதது எது" என்ற கேள்விக்கு மீன்கொத்தியில் கோடு போட்டிருக்கிறான். ஏன்டா என்றால், பறவை என்றுதானே இருந்தது என்கிறான். அடுத்த வருஷம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வேறு. நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய் வீட்டுக்கு வர ஐந்து மணியாகிவிடும். டியூசனுக்கு அனுப்பினால் சரி வருமா?

ஓய்வுபெற்ற டீச்சர், ஹட்டன்:
தங்கச்சி, டியூசனில் பெரும்பாலும் பாஸ் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள்தான் செய்விப்பார்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு அது இன்னொரு சுமை. முதலில் "கொழுந்து" என்று எழுதி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். "கொ"வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஆனால் வாயில் முதலில் வருவது க். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுந்த இடம் அதுதான். பிஸ்கட் பெட்டி மட்டையில் க, கா, கெ, கே, கொ, கோ எழுதி, அவன் தினமும் பேசுகிற சொற்களையே வாசிக்க வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், அழ ஆரம்பித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் அல்லாதது, பொருத்தமற்றது, தவறானது என்று கேள்வித்தாளில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைச் சுவரில் ஒட்டுங்கள். பதில் எழுதுமுன் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போடப் பழக்கினால் மீன்கொத்தி தப்பும்.

பதுளை அப்பா:
எங்கள் மகளுக்குக் கண்தான் பிரச்சினை, அது தெரியாமல் ஒரு வருஷம் ஏசிக்கொண்டிருந்தோம். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு, உங்கள் மகனுக்கு நடந்ததா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கண்ணாடி போட்டவுடனே வாசிப்பு வந்துவிடவில்லை, தலைவலி மட்டும் நின்றது. காதையும் பார்த்துவிடுங்கள் அக்கா.

லயத்துப் பையன்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் பரீட்சை அதுவரை காத்திருக்காதே. புலமைப்பரிசில் முதல் தாளில் ஒரு மணித்தியாலத்துக்கு 40 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். படமும் எண்ணும் உள்ள கேள்விகளை முதலில் செய்துவிட்டு நீளமான பந்திக்குக் கடைசியில் வரச் சொல்லுங்கள். நானும் வாசிக்கத் தெரியாமல் மனப்பாடத்திலேயே ஓட்டினவன், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே வயிறு கலங்கும். வகுப்பாசிரியரிடம் ஒரு தடவையாவது கேள்வியை வாசித்துக் காட்டி அவனைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்கு என்ன தெரியும் என்று அவருக்கும் தெரியட்டும்.

தலவாக்கலை அம்மா:
நேற்று கொழுந்து என்று எழுதிக் காட்டினேன் டீச்சர். "கெ" என்று தொடங்கி நின்றுவிட்டான். பிறகு மூலையில் கிடந்த கொழுந்துக் கூடையைப் பார்த்துவிட்டு "கொழுந்தாம்மா?" என்றான். அதை வாசித்ததாக எடுக்கலாமா?

ஓய்வுபெற்ற டீச்சர், ஹட்டன்:
ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம். நாளைக்குக் கூடையை வெளியில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.