கார் ஸ்டீரியோ: 15,000 ரூபாயில் முதலில் எதை மாற்றலாம்?

நொய்யல்கரை:
வணக்கம். என்னிடம் இருப்பது 2017 மாடல் சின்ன கார். முன் கதவுகளில் கம்பெனியே போட்ட ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, பின்னால் ஒன்றும் இல்லை. தினமும் திருப்பூரிலிருந்து கோவைக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் வருவார், அவருக்குக் கச்சேரிதான் வேண்டும். "மிருதங்கத்தில் வலந்தலை மட்டும்தான் கேட்குது, தொப்பி எங்கடா போச்சு?" என்று போன வாரம் கேட்டார் (வலந்தலை மிருதங்கத்தின் கூர்மையான ஒலி தரும் வலப்பக்கம், தொப்பி கனத்த ஒலி தரும் இடப்பக்கம்). வால்யூமைக் கூட்டினால் கதவு அட்டை கரகரவென்று அதிர்கிறது. கடையில் விசாரித்தால் 10 இஞ்ச் ஆண்ட்ராய்டு திரை, நான்கு ஸ்பீக்கர், டிக்கியில் 12 இஞ்ச் சப்ஊஃபர் (கனத்த ஒலிக்கென்றே தனி ஸ்பீக்கர்) என்று 38,000 சொல்கிறார்கள். என்னால் முடிந்தது 15,000. டிக்கியையும் விட்டுக்கொடுக்க முடியாது, அப்பாவின் சக்கர நாற்காலி அதில்தான் வருகிறது.

கதவுவேலை:
தம்பி, திரையை மறந்துவிடுங்கள். உங்கள் ஸ்டீரியோவில் யு.எஸ்.பி. இருந்தால் அதுவே போதும். பணத்தைக் கதவில் போடுங்கள்.

கதவு அட்டையைக் கழற்றிப் பாருங்கள். உள் தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் இழுக்கிற காற்றும் அந்த ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழிவது முக்கியமாகக் கீழ்ஸ்தாயி. அப்பா தேடுகிற தொப்பி அங்கேதான் போகிறது. இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கர் போட்டாலும் அதே குறை இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். தகட்டின் அதிர்வை அடக்கும் 2 மி.மீ. பியூட்டைல் (ரப்பர் வகை) டேம்பிங் ஷீட் வாங்குங்கள். விலை குறைவு என்று தார் ஷீட் தருவார்கள், வேண்டாம். நம் ஊர் வெயிலில் இளகி நாற்றம் வரும். வெளித் தகட்டின் உட்பக்கத்தை நன்றாகத் துடைத்து, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் முதலில் ஒட்டி, ரோலரால் அழுத்துங்கள். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு உள் தகட்டின் ஓட்டைகளையும் ஷீட்டால் மூடுங்கள். கண்ணாடி ஏறி இறங்குகிற இடத்தைத் தொடாதீர்கள். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.

இதை முடித்துவிட்டுப் பழைய ஸ்பீக்கரிலேயே ஒரு வாரம் கேளுங்கள். வித்தியாசம் தெரியும். பிறகு ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வருகிற காம்பொனென்ட் செட் ஒன்றை முன்னால் மட்டும் போடுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்ஸைப் பார்க்காதீர்கள், சென்சிட்டிவிட்டியை, அதாவது அதே பவரில் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 50 வாட்ஸ் x 4 என்று போட்டிருக்கும் ஸ்டீரியோகூடத் தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் அளவுதான். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது பத்தாது. 90, 91 இருந்தால் பாதி பவரில் அதே சத்தம் வரும், ஆம்ப் (தனி ஆம்ப்ளிஃபையர்) இல்லாமலே ஓட்டலாம். பின் ஸ்பீக்கர் தேவையே இல்லை, கச்சேரி மேடை முன்னால்தானே இருக்க வேண்டும்.

வயரிங்மதுரை:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம். கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் (வயரை வெட்டாமல் செருகுகிற இணைப்பு) கேட்டு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கிற எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) வளையத்துக்கு இரண்டு கை பெயிண்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே ஊறி உப்பிவிடும்.

ஒரு கதவில் ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) காணாமல் போகும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஊஃபர் (கதவின் பெரிய ஸ்பீக்கர்) முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், ப்ளஸ்ஸில் ப்ளஸ் பட்டால் கோன் வெளியே வரும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. இந்த ஞாயிறு முன் கதவு இரண்டையும் கழற்றுகிறேன். பிற்பாடு பணம் சேர்ந்தால் அடுத்து ஆம்ப்பா, சப்பா? டிக்கியில் இடமில்லை.

கதவுவேலை:
சீட்டுக்கு அடியில் போகிற 8 இஞ்ச் சப், ஆம்ப் உள்ளேயே இருக்கும். டிக்கியைத் தொட வேண்டாம். பவர் கேபிளை நேராக பேட்டரியிலிருந்து இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். முழுச் செம்பு கேபிள் கேளுங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியதைத்தான் பல இடங்களில் நீட்டுவார்கள். எர்த் போல்ட் அடியில் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிந்த பிறகு முறுக்க வேண்டும். பவர் கேபிள் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. (ஸ்டீரியோவிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் வயர்) மறுபக்கம். சேர்த்துக் கட்டினால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் கூடவே ஒரு கீச்சு வரும்.

கெயினை (ஆம்ப் உள்ளே வாங்கும் ஒலி அளவைப் பொருத்தும் திருகு) வால்யூம் மாதிரி திருப்பக் கூடாது. ஈக்வலைஸரை நடுவில் வைத்து, லவுட்னஸை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் விடுங்கள். கெயினை மெல்ல ஏற்றி, ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். ஸ்டீரியோவில் ஹைபாஸ் (கீழ் ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ், சப்பில் லோபாஸும் (மேல் ஒலியைத் தடுப்பது) அதே 80. அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து, தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு, சப் அளவை அவர் சொல்கிற இடத்தில் வையுங்கள்.