பொருள்: நைட்ரோ உள்ள நிக்கல் அணைவுகளுக்குத் தமிழ்ப் பெயர்

> 'அறுநைட்ரோ நிக்கலேட்டு' என்றே வைத்துவிடலாம். பாடநூலில் பழகிய சொல்தானே?

கட்டுரைத் தலைப்பில் 'அறு'வில் தகராறில்லை, 'நைட்ரோ'தான் இடிக்கிறது. டிஎன்டி படித்துவிட்டு வருகிற மாணவருக்கு நைட்ரோ என்றால் கார்பனில் ஒட்டிய குழு, உடனே வெடிமருந்து நினைவு. இங்கே அணைவில், அதாவது நடு உலோக அணுவைச் சுற்றி ஈனிகள் எனும் மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்த சேர்மத்தில், நிக்கலோடு பிணைவது நைட்ரைட்டு அயனி. அது நைட்ரஜனாலும் பிணையும், ஆக்சிஜனாலும் பிணையும். முன்னதை நைட்ரோ, பின்னதை நைட்ரிட்டோ என்று பிரித்தது பழைய வழக்கம். வேதிப்பெயர்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் 2005 பரிந்துரையில் இரண்டுமே நைட்ரிட்டோ. எந்த அணு பிணைகிறது என்பதைக் கப்பா (κ) எழுத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கோபால்ட்டில் இந்த இரண்டு மாற்றியங்களையும் தனித்தனிக் குப்பியில் வைக்கலாம். ஐந்து அம்மோனியா உள்ள அணைவில் ஆக்சிஜனால் பிணைந்தது சிவப்பு, நைட்ரஜனால் பிணைந்தது மஞ்சள். சிவப்பு வைத்த இடத்திலேயே மெல்ல மஞ்சளாகும். நிக்கல்(II) அப்படிப் பொறுமையாக இருக்காது. ஈனிகள் சட்டென்று இடம் மாறும், பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பிணைப்பு அமையும். எத்திலீன்டைஅமீன் இரண்டு உள்ள சிவப்பு அணைவில் நைட்ரைட்டுகள் நைட்ரஜனால் பிணைகின்றன. அதே அமீனின் நைட்ரஜனில் மெத்தில் குழுக்களை ஏற்றினால் நெரிசல். ஆக்சிஜன் பக்கம் திரும்பிவிடும். பிரிடின் நான்கு உள்ளதிலும் ஆக்சிஜன்தான்.

தலைப்புக்கு எடுத்த 'அறுநைட்ரோ நிக்கலேட்டின்' பொட்டாசியம் உப்பே இன்னும் நல்ல சான்று. ஒரு நீர் மூலக்கூறோடு இருக்கும்போது ஆறு நைட்ரைட்டும் நைட்ரஜனால் பிணைந்தவை. நீரை விரட்டினால் இரண்டு ஆக்சிஜனுக்கு மாறிவிடுகின்றன. உலர்த்திய பொடியின் குப்பியில் 'அறுநைட்ரோ' என்று எழுதினால் அது பிழை.

என் முன்மொழிவு: பொதுப்பெயர் 'நைட்ரைட்டு நிக்கல் அணைவுகள்'. பிணைப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நைட்ரஜன்வழி', 'ஆக்சிஜன்வழி'.

---

> 'வழி' எதற்கு? 'நைட்ரஜன் முனை', 'ஆக்சிஜன் முனை' என்றால் படமாகவே தெரியுமே.

நைட்ரைட்டுக்கு ஆக்சிஜன் இரண்டு, அம்மா. இரண்டும் ஒரே நிக்கலைக் கவ்வும் கொடுக்கிணைப்பும் உண்டு. அதை 'ஈராக்சிஜன்வழி' என்று சொல்லிவிடலாம், 'முனை'யை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும். ஒரு நிக்கலை நைட்ரஜனாலும் அடுத்ததை ஆக்சிஜனாலும் பிடிக்கும் பாலமும் இருக்கிறது. எத்திலீன்டைஅமீன், நைட்ரைட்டு, பெர்குளோரேட்டு சேர்ந்த 'நென்ப்' (NENP) என்ற சங்கிலிச் சேர்மம் அப்படிப்பட்டது. இயற்பியலாளர் ஹால்டேன் 1983இல் இத்தகைய காந்தச் சங்கிலிகளுக்குக் கணித்த ஆற்றல் இடைவெளியைச் சோதித்துப் பார்க்க இயற்பியலார் பெரிதும் எடுத்தாண்ட பொருள். அதைக் கட்டுரையில் சேர்த்தால் எச்சரிக்கையும் போடுங்கள்: அங்கே வெடிக்கக்கூடியது கரிம ஈனியோடு இருக்கும் பெர்குளோரேட்டு. சூடாக்கவோ சுரண்டவோ கூடாது.

அகச்சிவப்பு நிறமாலைப் பகுதிக்கும் 'வழி' பொருந்தும். மேலே சொன்ன கோபால்ட் மாற்றிய இணையில் நைட்ரஜன்வழி என்றால் பட்டைகள் 1430, 1310 செ.மீ⁻¹ அருகே, இடைவெளி குறைவு. ஆக்சிஜன்வழி என்றால் நைட்ரைட்டுக்குள் உள்ள இரு நைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பும் சமமல்ல. 1460க்கும் 1065க்கும் விலகிப் போகும். எண்களை நிக்கலுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள், போக்கு மட்டும் ஒத்துவரும்.

---

> பொட்டாசியம் கால்சியம் நிக்கல் உப்புக்கு 'மும்மை நைட்ரைட்டு'?

மூன்று நைட்ரைட்டு என்று படிப்பார்கள், இருப்பதோ ஆறு. 'மூவுலோக நைட்ரைட்டு' எனலாம். மூவுலகம் என்று யாராவது எழுத்துப் பிழை செய்வார்கள், செய்யட்டும்.

இந்த உப்பைக் கட்டுரையில் விரிவாக எழுதுங்கள், ஆய்வகத்தில் ஏமாற்றுவது இதுதான். அசெட்டிக் அமிலம் சேர்த்த கரைசலில் பொட்டாசியம் நைட்ரைட்டை மிகையாக இட்டால் கோபால்ட் மஞ்சள் வீழ்படிவாக இறங்கும். நிக்கல் கரைசலிலேயே நிற்கும். ஆனால் கால்சியமோ பேரியமோ ஸ்ட்ரான்சியமோ கூட இருந்தால் நிக்கலும் மஞ்சளாக வீழ்படிவாகி, கோபால்ட் போல வேடம் போடும். உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்காமல் மூலக்கரைசலிலேயே சோதிப்பதும், காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்நீர் எடுப்பதும்தான் பெரும்பாலும் காரணம். அமிலம் கூடிவிட்டால் வேறு தொல்லை: நைட்ரைட்டு சிதைந்து பழுப்புப் புகை வரும், வீழ்படிவும் சரியாக வராது. புகைக்கூண்டுக்குள் செய்யச் சொல்லுங்கள்.

சந்தேகம் தீர, வீழ்படிவை வடிகட்டிக் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைக்கவும். புகை முழுவதும் அடங்கிய பிறகு அம்மோனியாவால் காரமாக்கி நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் வினைப்பொருளான டைமெத்தில்கிளையாக்சைம் விடவும். ரோஜாச் சிவப்பாகத் திரண்டால் நிக்கல். பழுப்பு நிறம் மட்டும் ஏறி, எதுவும் திரளாவிட்டால் கோபால்ட்.