புதிய பொன்வண்டுச் சிற்றினம் என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்?

கிளைநோக்கி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பட்டுக்கொண்டிருந்த ஒரு மரத்தின் கிளைகளை வெட்டி வலைக்கூண்டில் வைத்திருந்தபோது, அவற்றிலிருந்து அக்ரிலஸ் பேரினத்தைச் சேர்ந்த சிறிய பொன்வண்டுகள் ஆணும் பெண்ணுமாக வெளிவந்தன. மரம் எது என்பதை இலையும் பூவும் கொண்டு தாவரவியல் அறிந்த ஒருவர் உறுதிப்படுத்தியிருக்கிறார். அந்தப் பகுதிக்கென எழுதப்பட்ட அடையாளத் திறவுகோலில் (பண்புகளைப் படிப்படியாக ஒப்பிட்டுச் சிற்றினத்தைக் கண்டறிய உதவும் பட்டியலில்) இவற்றை வைத்துப் பார்த்தால் எந்தச் சிற்றினத்தோடும் முழுமையாகப் பொருந்தவில்லை. மிக நெருங்கி வரும் சிற்றினத்தின் நெற்றி செம்பு நிறம் என்று எழுதப்பட்டிருக்கிறது. என்னிடம் உள்ளவற்றில் சிலவற்றுக்கு அது பளிச்சென்ற பச்சை. முன்சிறகுகளின் மேலுள்ள வெண்மயிர்த் திட்டுகளும் வேறு விதமாக அமைந்திருக்கின்றன.

இவை புதிய சிற்றினம்தானா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? டி.என்.ஏ. வரிசை கட்டாயமா? விவரிப்பை வெளியிடும்போது விதிப்படி அதில் இருந்தே ஆக வேண்டியவை எவை? பெயரிட வேண்டும் என்ற ஆசையைவிட, ஏற்கெனவே பெயருள்ள ஒன்றுக்கு மறுபடியும் பெயர் வைத்துவிடக் கூடாது என்ற கவலையே எனக்கு அதிகம்.

மாதிரிப்பேழை

உங்கள் கவலை சரியான இடத்தில்தான் இருக்கிறது. திறவுகோல் என்பது அதை எழுதியவர் அறிந்திருந்த சிற்றினங்களை மட்டுமே பிரித்துக் காட்டும். அதில் பொருந்தவில்லை என்பதால் ஒன்று புதியதாகிவிடாது. அக்ரிலஸில் பெயரிடப்பட்ட சிற்றினங்களே 3,000-க்கும் மேல் இருக்கின்றன. அண்டைப் பகுதிகளிலிருந்து விவரிக்கப்பட்டவற்றையும், இன்று ஒத்தபெயர்களாக (ஒரே சிற்றினத்துக்கு இடப்பட்ட வேறு பெயர்களாக) ஒதுக்கப்பட்டிருப்பவற்றையும் சேர்த்தே நீங்கள் பார்த்தாக வேண்டும். 2008-2009 ஆண்டுகளில் வெளிவந்த சார்லஸ் பெல்லமியின் உலகப் பொன்வண்டு அட்டவணை பெயர்களைத் திரட்டுவதற்கு நல்ல தொடக்கம். அதன் பிறகு வந்தவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பொன்வண்டின் உலோக மினுமினுப்பு பெரும்பாலும் நிறமியால் வருவதன்று. புறத்தோலின் மேற்பகுதியில் அடுக்கடுக்காக அமைந்த மிக மெல்லிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைநீளங்கள் வலுப்பெறுவதால் வருவது. படலத்தின் தடிமன் சற்றே மாறினாலும், பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் வேறாகத் தெரியும். அதோடு, அக்ரிலஸின் பல சிற்றினங்களில் ஆணின் நெற்றி பச்சையாகவும் பெண்ணின் நெற்றி செம்பாகவும் இருக்கும். பச்சை நெற்றி உள்ளவை எல்லாம் ஆண்கள்தானா என்று முதலில் பாருங்கள்.

நம்பத்தக்க பண்புகள் வடிவத்தில் இருக்கின்றன. முன்மார்பின் பக்கவிளிம்பில் ஓடும் இரு வரம்புக் கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே சேர்கின்றன. அதன் பின்மூலையில் உள்ள சிறு மேடு எவ்வளவு நீளம். முன்சிறகின் நுனி எவ்வாறு முடிகிறது. ஆணின் அடிவயிற்றில் பள்ளமோ மயிர்க்கற்றையோ உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஆண் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் பிரிக்கவே முடியாத வண்டுகள் இதில் தெளிவாகப் பிரிந்துவிடுவதுண்டு. உலர்ந்த மாதிரியை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, வயிற்று நுனியிலிருந்து உறுப்பை மெல்ல வெளியே எடுத்து, அதே மாதிரியின் ஊசியிலேயே அட்டையில் ஒட்டி வையுங்கள்.

இறுதியாக வகைமாதிரிகள், அதாவது ஒரு சிற்றினத்துக்குப் பெயரிடும்போது அடிப்படையாகக் கொள்ளப்பட்ட மூல மாதிரிகள். செக் நாட்டு யான் ஓபன்பெர்கர் ஒருவரே ஆயிரக்கணக்கான பொன்வண்டுகளுக்குப் பெயரிட்டிருக்கிறார். பல விவரிப்புகள் படமின்றிச் சில வரிகளில் முடிந்துவிடும். அந்த வரிகளை மட்டும் படித்து எதையும் தீர்மானிக்க முடியாது. பிராக் நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய மாதிரிகளின் படங்களையாவது கேட்டுப் பெற வேண்டும். இன்று வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களை அழித்துவரும் அக்ரிலஸ் பிளானிபென்னிஸை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு லியோன் ஃபேர்மேர் 1888-இல் அதற்குப் பெயரிட்டார். 1930-இல் ஓபன்பெர்கர் அதையே மார்கோபோலி என்று மீண்டும் விவரித்தார். 2002-இல் மிச்சிகனில் மரங்கள் மடிந்தபோது, அந்த வண்டு எது என்று சொல்ல ஸ்லோவாக்கியாவிலிருந்த எட்வர்ட் ஜெண்டெக் தேவைப்பட்டார். உலகின் வேறொரு மூலையில் உள்ள மாதிரிகளை யாரோ பொறுமையாக ஒப்பிட்டு வைத்திருந்ததன் பயன் அது.

விதிநூல்

மேலே உள்ளவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். விதிகளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். விலங்கியல் பெயரிடலின் பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பெயர் புதியது என்று கட்டுரையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகள் சொற்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும், படம் மட்டும் போதாது. ஹோலோடைப் எனப்படும் பெயர்தாங்கி மாதிரி எது, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதும் இருக்க வேண்டும். 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மின்வடிவில் மட்டும் வெளியாகும் கட்டுரை வெளியீட்டுக்கு முன்பே ஸூபேங்க் எனப்படும் விலங்கியல் பெயர்ப் பதிவேட்டில் பதிவாகி, அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே இடம்பெற வேண்டும். டி.என்.ஏ. வரிசை வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை.

ஹோலோடைப்பாக உறுப்புகள் சிதையாத ஓர் ஆணைத் தேர்ந்தெடுங்கள். பிறப்புறுப்புதான் தீர்ப்பு வழங்கப்போகிறது என்றால் பெயரைத் தாங்கும் மாதிரியும் ஆணாக இருப்பதே பின்னால் வருபவர்களுக்கு உதவும். அதைத் தனிவீட்டில் வைத்துக்கொள்ளாமல், கேட்பவர்களுக்குக் காட்டக்கூடிய ஒரு பொதுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். மனத்தில் இருக்கும் பெயரைக் கட்டுரை வெளிவரும் முன் எங்கும் எழுதாதீர்கள். விவரிப்பில்லாத பெயர் விதிப்படி செல்லாது என்றாலும், அது பட்டியல்களில் நுழைந்துவிட்டால் வெளியேற்றுவது பெரும் தொல்லை.

பட்டைக்கடியில்

விவரிப்புக் கட்டுரைகளில் எனக்குள்ள நெடுநாள் மனக்குறை, முதிர்ந்த வண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்த மரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விடுவது. இலைமேல் அமர்ந்திருந்த வண்டைப் பிடித்து அந்தச் செடியை உணவுமரம் என்று எழுதிவிடுகிறார்கள். வண்டு வெயில் காயவோ இலை தின்னவோ வந்திருக்கலாம். புழு எதற்குள் வளர்ந்ததோ அதுதான் உணவுமரம். நீங்கள் கிளையிலிருந்தே வளர்த்து எடுத்திருப்பதால், பழைய விவரிப்புகள் பலவற்றில் இல்லாத சான்று உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே அந்தக் கிளைகளை எறிந்துவிடாதீர்கள். பட்டையை மெல்ல உரித்தால், பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள கேம்பியம் அடுக்கில் புழு குடைந்த வளைவழிகள் தெரியும்; அவை நெளிந்து செல்கின்றனவா, கிளையைச் சுற்றி வளைக்கின்றனவா, மரத்தூளும் எச்சமும் உள்ளே எவ்வாறு இறுக்கி நிரப்பப்பட்டிருக்கின்றன, கூட்டுப்புழு அறை பட்டையிலா மரத்திலா என்பவற்றை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அக்ரிலஸ் வெளியேறும் துளை பொதுவாக ஒரு பக்கம் தட்டையான அரைவட்டமாக இருக்கும். அதன் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். கிளையின் தடிமன், அது உயிரோடு இருந்ததா உலர்ந்திருந்ததா என்பதும் வேண்டும். நலிந்த மரத்தை மட்டும் தாக்கும் வண்டா, நல்ல மரத்தையே கொல்லும் வண்டா என்ற கேள்விக்கு விடை அங்கிருந்துதான் தொடங்கும்.

டி.என்.ஏ. கட்டாயமில்லை என்றாலும் ஒரு காலையாவது ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். சிற்றினங்களை அடையாளம் காண வழக்கமாக எடுக்கப்படும் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 டி.என்.ஏ. எழுத்துகள், கிளைக்குள் மிஞ்சியிருக்கும் புழு இதே வண்டினுடையதுதான் என்று காட்டிவிடும். புழுவின் தோற்றத்தைக் கொண்டு அதைச் சொல்வது மிகக் கடினம். ஆனால் சி.ஓ.ஐ. தாய்வழியாக மட்டும் வரும் மரபணு. வோல்பாக்கியா போன்ற நுண்ணுயிரிகளின் தாக்கத்தால் ஏமாற்றவும் கூடும். எனவே சிற்றின எல்லையை அதை மட்டும் நம்பி வகுக்காதீர்கள்.

கிளைநோக்கி

மூவருக்கும் மிக்க நன்றி. வயிற்று நுனியைத் திறந்து பார்த்ததில் பச்சை நெற்றி உள்ளவை அனைத்தும் ஆண்களே. பெண்களின் நெற்றி செம்பாகவே இருக்கிறது. ஆக, நிறத்தை வேறுபாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். எஞ்சியிருப்பது வெண்மயிர்த் திட்டுகள் மட்டுமே. அதை எவ்வளவு நம்பலாம்?

மாதிரிப்பேழை

வெளியில் பிடிக்கப்பட்ட பழைய மாதிரிகளில் அந்த மயிர்கள் தேய்ந்து உதிர்ந்திருக்கும். எண்ணெய்ப்பசை படிந்திருந்தாலும் திட்டு மங்கிவிடும். உங்களுடையவை கூண்டில் புதிதாக வெளிவந்தவை என்பதால் முழுமையாக இருக்கின்றன. எனவே, பழைய விவரிப்பில் ‘திட்டு இல்லை’ என்று எழுதியிருந்தால், அது இயல்பா தேய்வா என்பதை வகைமாதிரியில் மயிர் பொருந்தியிருந்த நுண்குழிகளின் அடர்த்தியைப் பார்த்தே சொல்ல முடியும். அதற்கிடையில் ஆண் பிறப்புறுப்பை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படமெடுத்து, அந்த நெருங்கிய சிற்றினத்தின் வகைமாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் பொறுப்பாளருக்கு, அதே இரு கோணங்களில் படம் வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் படங்கள் வரும் வரை மாதிரிகளில் ‘அக்ரிலஸ், சிற்றினம் உறுதியாகவில்லை’ என்ற சீட்டே இருக்கட்டும்.