இடது ஸ்பீக்கர் குறைந்த ஒலியில் மறைந்துபோகிறது: ரிசீவரைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

கேட்டவர்: தேவனாம்பட்டினம் வாசி (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். தானே புயல் அடித்து ஓய்ந்த மறு ஆண்டு, 2012இல் வாங்கிய 7 சேனல் ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எடை ஏறத்தாழ 11 கிலோ. வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடைதான். இரண்டு மாதங்களாக முன் இடது ஸ்பீக்கரில் ஒலி கம்மிக் கரகரத்து, சில வேளை அடியோடு நின்றுவிடுகிறது. ஒலியளவை நன்றாகக் கூட்டினால் 'டப்' என்ற சத்தத்துடன் திரும்பி வருகிறது. இரவில் குறைத்து வைத்தால் கால் மணி நேரத்தில் மறுபடியும் போய்விடுகிறது. ஆன் செய்த ஐந்தாறு விநாடியில் கேட்கும் 'டிக்' ஒலி வழக்கம்போல் கேட்கிறது. உள்ளே பழுது கண்டால் எரியும் 'புரொடெக்ட்' எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

புதுச்சேரியில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல், "ஆம்ப்ளிஃபயர் போர்டு போய்விட்டது, இதற்குப் பாகம் வராது" என்று சொல்லிவிட்டுப் புதிய மாடல்களின் விலைப்பட்டியலை நீட்டினார்கள். அங்கே பார்த்த புதியது 8 கிலோகூட இல்லை. உள்ளே சரக்கு குறைந்துவிட்டதா, அல்லது தொழில்நுட்பம் வளர்ந்து எடை குறைந்ததா என்பதையும் அறிய விரும்புகிறேன். எனக்குச் சாலிடரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டரும் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் ரசிகர்

முதலில் ரிசீவரை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். பழுது வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் குற்றம் ரிசீவருடையது. இடது ஸ்பீக்கரிலேயே நின்றால் வயரையோ ஸ்பீக்கரையோ சந்தேகிக்க வேண்டும். எங்கள் வீட்டில் வயர் நுனி பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைக் கவனிக்காமல் ஒரு மாதம் அலைந்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினம் வாசி

மாற்றிப் பார்த்தேன். பழுது வலது ஸ்பீக்கருக்கு வந்துவிட்டது. ஹெட்போனில் கேட்டால் இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கின்றன.

முத்தியால்பேட்டை பழைய மெக்கானிக்

தம்பி, நீங்கள் எழுதிய முதல் பத்தியிலேயே விடை இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் சரியாவதும் குறைத்தால் மறைவதும் ஸ்பீக்கர் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) கைவரிசை. அந்த 'டிக்' ஒலி, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ரிலே மூடிக்கொள்ளும் ஒலிதான். அதன் உள்ளே தொட்டுப் பிரியும் முனைகள் வெள்ளிக் கலவையால் ஆனவை. வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுப்பதுபோல அவையும் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்துப் படலம் பிடிக்கும். மெல்லிய சிக்னலால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது. வோல்டேஜ் கூடியதும் அது உடைந்து வழி விடுகிறது. பல மாடல்களில் ஹெட்போனுக்கான இணைப்பு ரிலேக்கு முன்பே பிரிந்துவிடுவதால் அங்கே குறை தெரிவதில்லை. ஆம்ப்ளிஃபயர் போர்டு உண்மையிலேயே போயிருந்தால் புரொடெக்ட் விழுந்து ரிலே மூடாமலே நின்றிருக்கும்.

திறப்பதற்கு முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இரண்டிலும் மின்சாரம் தங்கியிருக்கலாம். உங்களுடையது போன்ற செட்டில் ஒவ்வொன்றும் 10,000 மைக்ரோஃபாரட் அளவில், 50 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏறி நிற்கும். இரண்டின் வெளிமுனைகளுக்கிடையே 100 வோல்ட்டைத் தாண்டிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களை நன்றாக இன்சுலேட் செய்து, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் வைத்துவிட்டு, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

நெல்லிக்குப்பம் நண்பன்

இவ்வளவு சிரமம் எதற்கு? ரிலேயின் இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துச் சாலிடர் செய்துவிட்டால் வேலை முடிந்தது.

முத்தியால்பேட்டை பழைய மெக்கானிக்

வேலை முடியாது, ஸ்பீக்கர்தான் முடியும். நாளைக்கு ஓர் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 50 வோல்ட் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) நேராக ஸ்பீக்கருக்குள் இருக்கும் 8 ஓம் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் பாயும். 300 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. அதைத் தடுக்கத்தான் அந்த ரிலேயே இருக்கிறது. ஆன், ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கரில் 'தொம்' என்று இடிக்காமல் காப்பதும் அதுதான்.

எடையைப் பற்றிக் கேட்டீர்கள். ரிசீவரின் எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்பார்மருடையது, அடுத்தது சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க். கிளாஸ் ஏபி என்ற வழக்கமான ஆம்ப்ளிஃபயர் வகையில் டிரான்ஸ்பார்மர் சிறுத்தால் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் உழைக்கும்போது வோல்டேஜ் தொய்ந்துவிடும். அட்டையில் சேனலுக்கு 90 வாட் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்த கணக்கு. வேகமாக ஆன், ஆஃப் ஆகி இயங்கும் 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர் வகையில் சூடு குறைவு என்பதால் எடை குறைந்திருப்பது அங்கே குறையே இல்லை. ஆகவே தராசை மட்டும் நம்பாமல் மூடியின் சல்லடைத் துளை வழியாக டார்ச் அடித்து, ஹீட் சிங்க் கனமான அலுமினியத் துடுப்புகளா, மடித்து வைத்த மெல்லிய தகடா என்று பாருங்கள். ஒன்று சொல்கிறேன்: உள்ளே எவ்வளவு கனமான சரக்கு இருந்தாலும் கடைசியில் ஒலி கடந்து போவது கட்டைவிரல் அளவு ரிலே வழியாகத்தான், விலை உயர்ந்த செட்டிலும் அது சாதாரண ரிலேயாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினம் வாசி

ஞாயிற்றுக்கிழமை திறந்தேன், ஐயா. ஸ்பீக்கர் டெர்மினலை ஒட்டிக் கறுப்பு ரிலேக்கள் நான்கு இருந்தன. முன் இடது, வலது இரண்டுக்கும் ஒரே ரிலே. அதை இயக்கும் காயில் (கம்பிச்சுருள்) 24 வோல்ட் டிசி. அதைக் கழற்றி, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து இயக்கியபோது வலது முனைகளுக்கிடையே 0.2 ஓம் காட்டியது. இடதில் மீட்டர் 40 ஓமுக்கும் 300 ஓமுக்கும் இடையே நிலைகொள்ளாமல் துள்ளியது. பிளேடால் மூடியைப் பிளந்து பார்த்தால், கடுகளவு முனை வாணலியில் தீய்ந்ததுபோல் கறுத்து, நடுவில் சிறு பள்ளம் விழுந்திருந்தது. அதை மணல் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து பயன்படுத்தலாமா?

முத்தியால்பேட்டை பழைய மெக்கானிக்

வேண்டாம். தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். சில மாதங்களில் திரும்ப இதே கதைதான். காயில் வோல்டேஜ், முனைகளின் ஆம்பியர் அளவு, கால்களின் அமைப்பு மூன்றும் பொருந்தும் புதியதைப் போடுங்கள். மாற்றிய பின், ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்து, டெர்மினலில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை.

தேவனாம்பட்டினம் வாசி

புதிய ரிலே போட்டாயிற்று. நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இடதில் 12 மில்லிவோல்ட், வலதில் 9. நேற்றிரவு குழந்தை தூங்கிய பின் மிகக் குறைந்த ஒலியில் இரண்டு மணி நேரம் கேட்டேன், ஒருமுறைகூட மறையவில்லை. மற்ற மூன்று ரிலேக்களில் இதுவரை குறை தெரியவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாமா?

முத்தியால்பேட்டை பழைய மெக்கானிக்

அவையும் அதே வயதுதான், அதே கடற்காற்றைத்தான் குடித்திருக்கின்றன. மூடி திறந்திருக்கும்போதே மூன்றையும் மாற்றிவிடுங்கள். டிவி அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்தால் மேலே நான்கு விரல் இடமாவது விடுங்கள். 10 டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும், அவற்றைத் தேடி வாங்குவது ரிலேயைப் போல எளிதல்ல.