'ஒன்-பான்' சமையலுக்கு: ஒருசட்டிச் சமையல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வார நாள் இரவில் ஒரே பாத்திரத்தில் முடித்துவிடும் சமையலை ஆங்கிலத்தில் 'ஒன்-பான் டின்னர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை 'ஒருகலச் சமையல்', 'ஒருபானைச் சமையல்', 'கூட்டாஞ்சோறு' ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன. என் பரிந்துரை 'ஒருசட்டிச் சமையல்'.

'ஒருபானை' இங்கே பொருந்தாது. 'பான்', 'பானை' என்ற ஒலி ஒற்றுமை நம்மை இழுக்கிறது, ஆனால் பானை வாய் குறுகி ஆழமாக இருப்பது, சட்டி வாயகன்றது. ஆங்கிலத்தில் பாட், பான் என்று பிரிப்பதை நாம் ஏற்கெனவே இப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம். அடுப்படியில் இந்த வேறுபாடு முக்கியம். வாயகன்ற பாத்திரத்தில் நீராவி வேகமாக வெளியேறும், மூடிய குக்கரில் அவ்வளவு போகாது. குக்கருக்கு எழுதிய தண்ணீர் அளவை அப்படியே வாணலியில் ஊற்றினால் அரிசி வேகுமுன் அடிபிடித்துவிடும். ரவை, சேமியா, அவல், முட்டை, மீன் துண்டு போன்ற சீக்கிரம் வேகிறவைதான் சட்டிக்கு ஏற்றவை. கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம், குக்கர் பிரியாணி எல்லாம் பானை வகை. அவற்றுக்கு 'ஒருபானைச் சமையல்' என்ற பெயரைத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும்.

'கலம்' அழகான சொல்தான். ஆனால் கப்பலுக்கும் அதே பெயர், நெல் அளவைக்கும் அதே பெயர். வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீடு திரும்பி, சமையல் குறிப்பு தேடுகிறவர் 'கலம்' என்று தட்டச்சு செய்ய மாட்டார். கூட்டாஞ்சோறு திருநெல்வேலிப் பக்கம் அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை சேர்த்துச் செய்யும் ஒரு குறிப்பிட்ட உணவு. பிள்ளைகள் ஆளுக்கொன்று கொண்டுவந்து ஆக்கிச் சாப்பிடுவதற்கும் அதே பெயர். அந்தப் பெயரை அதனிடமே விட்டுவிடுவோம்.

சட்டி என்றால் மண்சட்டிதானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இருப்புச்சட்டி இரும்புதானே! வாணலி, வடைச்சட்டி, இலங்கையில் தாச்சி என்று ஊருக்கொரு பெயர் இருந்தாலும் சட்டி என்றால் எல்லோருக்கும் புரியும். ஒருசட்டி உப்புமா, ஒருசட்டி மீன் என்று சேர்த்துச் சொல்லவும் நாக்குக்கு இடறவில்லை.

சரி, வரையறைக்கு வருவோம். தாளிப்பதில் தொடங்கி இறக்கும் வரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் நடக்க வேண்டும். சோற்றைத் தனியாக வடித்துக் கலக்கும் எலுமிச்சை சாதமும் புளியோதரையும் இதில் சேரா. குக்கருக்குள் அடுக்குப் பாத்திரங்கள் வைப்பதும் சேராது, அடுப்பு ஒன்றானாலும் கழுவ வேண்டியவை மூன்று. கடைசியில் தாளிப்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டினால்? அதையும் விலக்கலாம் என்பது என் கருத்து. எண்ணெய் காய்ந்ததும் முதலிலேயே தாளித்துவிட்டால் இன்னொரு பாத்திரம் அழுக்காகாது, வெங்காயத்திலும் காயிலும் மணம் ஏறும்.

'டின்னர்' என்பதைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். 'இரவு உணவு' தனிக் குறிச்சொல்லாக இருக்கட்டும், காலை உப்புமாவும் ஒருசட்டிதானே.

'ஓவன்' அடுப்பில் ஒரே தட்டில் காயும் கோழியும் பரப்பிச் சுடுகிறார்களே, அது சட்டியும் இல்லை, பானையும் இல்லை. அதற்கு 'ஒருதட்டு வெதுப்பல்' சரியாக வருமா? தனி இழையில் பேசலாம்.