குழியை மண்ணால அடைச்சிருச்சு, தோண்டலாமா? அவசரம்!!

தாம்பரம்_தம்பி
வணக்கம். என் சிலந்தி பத்து நாளைக்கு மேல சாப்பிடல. நேத்து ராத்திரி குழி வாசலை மண்ணும் வலையும் வெச்சு அடைச்சிருச்சு. உள்ள உயிரோட இருக்கான்னே தெரியல. தோண்டிப் பாக்கலாமா? ஸ்பூன் கையிலயே வெச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நெல்லைச்சீமை
எந்த வகை? எவ்வளவு பெருசு? டப்பா போட்டோ போடுங்க. வெறும் "சிலந்தி"ன்னா நாங்க என்னத்தைச் சொல்ல?

மீன்தொட்டி_மணி
ரூம்ல ஏசி ஓடுதா? ஓடுச்சுன்னா அதான் காரணம். ஏசி காத்து ஈரத்தை உறிஞ்சிரும். எங்க வீட்டு சந்நியாசி நண்டு அப்படித்தான் போச்சு.

குகைவாசி
மாசம் தவறாம இதே கேள்வி. தோலுரிக்கப் போகுது, தோண்டாதீங்க, முடிஞ்சது. வாங்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் படிச்சிருந்தா இந்த இழைக்கே வேலை இல்ல.

நெல்லைச்சீமை
வகையே தெரியாம தீர்ப்பு சொல்லிட்டீங்களே அண்ணே.

குகைவாசி
குஞ்சு வாசலை அடைச்சா எந்த வகையா இருந்தாலும் நூத்துக்குத் தொண்ணூறு அதேதான். வளர்த்தவங்களுக்குத் தெரியும்.

தாம்பரம்_தம்பி
கர்லி ஹேர் டரான்டுலா. காலை விரிச்சா ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பா, சைடுல ஓட்டை போட்டிருக்கேன். கோகோபீட் ரெண்டு இன்ச். ஏசி ராத்திரி மட்டும்தான். அடைக்கறதுக்கு முந்தின நாள் இரைக்கு ஒரு மீல்வார்ம் புழு போட்டேன், அது மண்ணுக்குள்ள போயிருச்சு. அது ஒண்ணும் பண்ணாதுல்ல?

குகைவாசி
உயிரோடவா?

தாம்பரம்_தம்பி
ஆமா, உயிரோடதானே போடணும்?

குகைவாசி
தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. சரி, அப்ப தோண்டுங்க. வேற வழியில்ல.

மீன்தொட்டி_மணி
இப்பதானே சார் தோண்டாதேன்னீங்க?

நெல்லைச்சீமை
தம்பி, ஸ்பூனைக் கீழ வைங்க. ரெண்டு விஷயத்தையும் தனித்தனியா பாப்போம்.

சாப்பிடாததும் வாசலை அடைச்சதும் கவலைப்படற விஷயமே இல்ல. கர்லி ஹேர் ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா பக்கத்துக்காரன், குழி தோண்டற வகை. தோலுரிக்கறதுக்கு முன்னாடி இரையை ஒதுக்கும், கதவைச் சாத்திக்கும். கடைசியா பாத்தப்ப வயிறு கறுத்து, உப்பி, பளபளன்னு இருந்துச்சா? இருந்தா அதேதான். அந்த வயித்துல இருக்கற சேமிப்பு இந்த இடைவெளிக்குத் தாராளமா தாங்கும். மல்லாந்து கிடந்தாக்கூட பதறாதீங்க, பெரும்பாலும் அப்படிப் படுத்துத்தான் தோலைக் கழட்டும். செத்த டரான்டுலா மல்லாந்து கிடக்காது, கால் எல்லாம் உடம்புக்கு அடியில சுருண்டு போகும்.

பயப்பட வேண்டியது அந்தப் புழுவுக்குத்தான். தோலுரிச்ச புதுசுல உடம்பு ரொம்ப மெத்துனு இருக்கும், பல்லு வெள்ளையா இருக்கும், எதையும் கடிக்க வராது. மீல்வார்மோட தாடை நல்ல பலம். அந்த நேரத்துல ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா சிலந்தியைப் புழு தின்னுரும். இந்த அளவு குஞ்சுக்கு புழுவோட தலையை நசுக்கி, ஒரு துண்டு மட்டும் போட்டாப் போதும். செத்த இரையையும் எடுத்துக்கும்.

குழிப் பக்கம் தோண்டினா கூரை சரிஞ்சு அது மேலயே விழும். அதுக்குப் பதிலா, குழிக்கு எதிர் மூலையில மண்ணு மேல ஒரு சின்ன கேரட் துண்டு வைங்க. மீல்வார்ம் ஈரத்தைத் தேடி வரும். ராத்திரி ரெண்டு மூணு தடவை டார்ச் அடிச்சுப் பாத்து, வந்ததும் இடுக்கியால தூக்கிருங்க. காலையில கேரட்டை எடுத்துருங்க, விட்டா பூஞ்சை பிடிக்கும்.

குகைவாசி
கேரட் வைத்தியமெல்லாம் மீல்வார்ம் பண்ணைக்கு. குழிக்குள்ள போன புழு கேரட்டுக்காக எல்லாம் திரும்பி வராது.

நெல்லைச்சீமை
வரலன்னா அப்பறம் பேசுவோம். தோண்டறதை எப்ப வேணும்னாலும் தோண்டலாம், தோண்டினதைத் திருப்பி மூட முடியாது. தம்பி, இன்னொண்ணு: ஒரு ஓரத்துல மட்டும் மண்ணு கொஞ்சம் ஈரமா இருக்கட்டும். டப்பா முழுக்கத் தெளிக்காதீங்க. நம்ம ஊர் சூட்டுக்கு ஹீட்டர் மேட் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

மீன்தொட்டி_மணி
ஏசியைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க.

சட்டம்_சாமி
எல்லாம் இருக்கட்டும், பதிவு பண்ணியிருக்கீங்களா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 2022 திருத்தத்துக்கு அப்பறம் சைட்டிஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கற உயிரினங்கள் நாலாவது அட்டவணைக்கு வந்தாச்சு. வீட்டுல வெச்சிருக்கறவங்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் தளத்துல பதியணும்னு 2024ல விதியும் வந்துருச்சு. கர்லி ஹேர் சேர்ந்த பிராக்கிபெல்மா பேரினம் மொத்தமும் சைட்டிஸ் ரெண்டாம் பட்டியல்.

குகைவாசி
கர்லி ஹேர் இப்ப பிராக்கிபெல்மாவே இல்ல. ட்லில்டோகாட்ல்ங்கற வேற பேரினம். அடிப்படை தெரியாம சட்டம் பேச வந்தா இப்படித்தான்.

சட்டம்_சாமி
பட்டியல் போட்டப்ப அது பிராக்கிபெல்மாதான். ஆராய்ச்சியாளர் பேரை மாத்தினா பட்டியல்ல இருந்து நழுவிருமா? வனத்துறை ஆள் வந்து கேட்டா இதே பதிலைச் சொல்லிப் பாருங்க.

கோவை_கரப்பான்
எதுக்குங்க வெளிநாட்டு வகை? நம்ம ஊருதே இருக்கே, கூட்டி நீலச் சிலந்தி. என்ன அழகு!

சட்டம்_சாமி
அது இன்னும் சிக்கல். அது சேர்ந்த பொசிலோதீரியா பேரினம் 2019ல சைட்டிஸ்ல சேர்ந்துருச்சு. 1899ல பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக் இந்த நீலச் சிலந்தியை விவரிச்சது ஆந்திராவுல கூட்டி ஊர்ல, ரயில்வே மரக்கிடங்குல கிடைச்ச ஒண்ணை வெச்சு. அசல் காடு நந்தியால், கித்தலூர் நடுவுல. அழிவின் விளிம்புல இருக்கு, அதை மரப்பொந்துல இருந்து உருவி விக்கறாங்க.

நெல்லைச்சீமை
புதுசா வளர்க்கறவங்களுக்கு ஆகவும் ஆகாது. அமெரிக்க வகைகள் மாதிரி அரிப்பு முடி உதறி எச்சரிக்கை பண்ணாது, நேரா கடிதான். மின்னல் வேகம். கடிச்சா தசைப்பிடிப்பு நாள் கணக்குல வாட்டும்.

உட்லண்ட்ஸ்_வாசி
சிங்கப்பூர்ல இந்த வம்பே இல்ல. டரான்டுலா வளர்க்கவே அனுமதி கிடையாது. இழையைப் படிச்சே ஆசையைத் தீத்துக்கறேன்.

குகைவாசி
திருட்டுத்தனமா வளர்க்கறவங்க அங்கயும் இருக்காங்க.

உட்லண்ட்ஸ்_வாசி
நான் இல்லப்பா.

தாம்பரம்_தம்பி
கேரட்ல புழு மாட்டிருச்சு. ரொம்ப நன்றி அக்கா. குழி இன்னும் மூடித்தான் இருக்கு.

குகைவாசி
அதிர்ஷ்டம்.

நெல்லைச்சீமை
சந்தோஷம். இனி கையை வைக்காதீங்க. ரெண்டு மூணு வாரம் ஆனாலும் ஆகட்டும். அப்பறம் அந்தப் பதிவு விஷயத்தையும் பாத்துருங்க, சாமி சொல்றது நெசம்.

தாம்பரம்_தம்பி
திறந்துருச்சு!! வாசல்ல பழைய தோல் கிடக்கு. ஆள் கொஞ்சம் பெருசா தெரியறான்.

நெல்லைச்சீமை
பல்லு என்ன கலர்ல இருக்கு? கறுப்பாகற வரைக்கும் எதுவும் போடாதீங்க, ஒரு வாரம் பொறுங்க. தண்ணி மட்டும் இருக்கட்டும். அந்தத் தோலைப் பத்திரமா எடுத்து வைங்க, பெருசானா அதை வெச்சு ஆணா பெண்ணான்னு பாக்கப் பழகலாம்.

நெல்லைச்சீமை
தம்பி? இரை ஏதும் போட்டுரலையே?

மீன்தொட்டி_மணி
ஏசியை நிறுத்தியிருப்பாரு, அதான் திறந்துருச்சு.

கரூர்_கருந்தேள்
இதே இழையில கேட்டுக்கறேன். என் தேள் ரெண்டு வாரமா சாப்பிடல. என்ன பண்ணலாம்?

குகைவாசி
எந்த வகை?